ஷட்டர் இறங்கி ஏறுவதற்குள்

"இந்தக் கோரைப்பல்லை மாட்டிக்கிட்டு ஒருத்தன் இவ்வளவு சுத்தமாப் பேசவே முடியாது" என்றாள் அவள், கையிலிருந்த மெழுகுத் தாடையைத் தொலைக்காட்சியின் பக்கம் நீட்டி. "கீழ் உதடு என்னிக்கோ கிழிஞ்சிருக்கும். மொதல்ல இவனுக்குப் பல்லு செஞ்சது யாருன்னு விசாரிக்கணும்."

அப்படிச் சொல்ல அவளுக்குத் தகுதி உண்டு. பதினோரு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய லேப். நீள மேசை, கழுத்து வளைந்த விளக்கு, பல்லைப் பளபளப்பாக்கும் மோட்டார். சுவர் அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று மணிக்கு மோட்டார் நின்றுவிடும். மூன்றிலிருந்து நான்கு வரை 'மாடி வீட்டு வாடகைக்காரன்'. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த தொடரை ஒரு சேனல் மறுபடியும் வாரத்தில் ஐந்து நாள் போட்டுக்கொண்டிருந்தது.

கதை இதுதான். கீழே மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண். மாடிக்கு வாடகைக்கு வருகிறான் ஒருவன். பகலில் வெளியே வருவதில்லை, சாப்பாட்டு வாசனை இல்லை, கண்ணாடியில் முகம் இல்லை. ரத்தக்காட்டேரி என்று அவளுக்குத் தெரியவே எட்டு எபிசோட் ஆகிறது. தெரிந்த பிறகும் வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருப்பதுதான் மீதிக் கதை.

லேப்பில் இதற்கு நிரந்தரப் பார்வையாளர்கள் நான்கு பேர். அவள். அவளுடைய அம்மா, ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்; தெருவுக்கு இன்னும் 'சிஸ்டர்'தான். பக்கத்துக் கடையில் சோஃபாவுக்கு உறை மாற்றும் பெரியவர். அவளுக்கு 'சோஃபா மாமா'. நான்காவது ஆள், வாசலோர நாற்காலியில் பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் அவன்.

அவன் முதலில் வந்தது தன் அப்பாவின் பல்செட்டுக்காக. செட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "வாய்க்குள்ள யாரோ குடிவந்த மாதிரி இருக்குடா" என்பார். அவள் மூன்று முறை உரசி, தேய்த்து, சரிசெய்து கொடுத்தாள். மூன்று முறையும் வாங்கிப்போக அவன்தான் வந்தான். நான்காவது முறை பல்செட் இல்லாமலே வந்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதல் நாளே அம்மா விசாரித்திருந்தார். "தம்பி எங்க வேலை பார்க்கறீங்க?"

"ஒரு ஆபீஸ்ல சிஸ்டர். கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ற வேலை."

பொய்யில்லை. அந்த ஆபீஸ், இந்தத் தொடரை ஒளிபரப்பும் சேனல். அந்தக் கம்ப்யூட்டரில் அவன் செய்வது இந்தத் தொடரை வெட்டுவது. ஒரு எபிசோட் நாற்பத்து நான்கு நிமிடம். விளம்பரம் கூடிப்போனதால் இப்போது முப்பத்தெட்டுதான் இடம். தினமும் ஆறு நிமிடம் எடுக்க வேண்டும். கடிக்கிற காட்சியில் கை வைக்கக் கூடாது, சண்டையில் கை வைக்கக் கூடாது. மிச்சமிருப்பது பேச்சு. நல்ல வெட்டு என்றால் வெட்டியது யாருக்கும் தெரியக் கூடாது. எட்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் வெட்டியதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

முதல் நாள் அதைச் சொல்ல வாய் எழவில்லை. எல்லோரும் அவ்வளவு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான்கு வாரம் ஓடிவிட்டது. இதற்கு நடுவில் ஒருநாள் மாலை, அம்மா உள்ளே போயிருந்தபோது, அவளிடம் கேட்டும்விட்டான், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று.

அவள் பிளாஸ்டர் கலக்குவதை நிறுத்தவில்லை. "சீசன் முடியட்டும். கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமைதானே, அன்னிக்குச் சொல்றேன். நடுவுல கேட்டா எனக்கு ரெண்டு கதையும் புரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டு மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒருவன், ஒரு திங்கட்கிழமை போன் நம்பரை மாற்றிக்கொண்டு காணாமல் போயிருந்தான். அம்மா இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். அவள் தானாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தொடரைப் பற்றிப் பேசும்போதுதான் அது வெளியே வரும்.

பத்தொன்பதாவது எபிசோடுக்குப் பிறகு நிறையவே வந்தது. அதில் மருந்துக்கடைக்காரி மாலையில் கடை ஷட்டரை இழுத்து இறக்குகிறாள். அடுத்த நொடி, காலையில் அதே ஷட்டர் மேலே ஏறுகிறது. மாடி காலி. காட்டேரி போய்விட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க" என்றாள் அவள் அன்றைக்கு. "யார் ரத்தத்தை வேணா குடிச்சுக்கட்டும், அதை மன்னிச்சுடுவேன். சொல்லாம போறவனை மன்னிக்கவே மாட்டேன். ஆனா எழுதினவங்க இருக்காங்களே, அவங்க கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும். ஷட்டர் இறங்குது, ஷட்டர் ஏறுது, அவ்வளவுதான். அவ வாழ்க்கையே போச்சுன்னு ஒரு வசனம் இல்லாம காட்டிட்டாங்க. இந்த சீரியல்லயே இதுக்கு மேல ஒரு எழுத்து இல்லை."

அவன் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது. அந்த வெட்டு அவனுடையது.

இரண்டு ஷட்டருக்கும் நடுவில் ஒரு காட்சி இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. இரண்டு பேர் நின்று பேசுகிறார்கள், யாரும் யாரையும் கடிக்கவில்லை. ஒலியைக்கூடச் சரியாகக் கேட்காமல் தூக்கியிருந்தான். ஷட்டரும் ஷட்டரும் அவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்துத் தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டதுகூட நினைவிருந்தது.

அவள் அதோடு விடவில்லை. ரசிகர் குழுவில் 'சொல்லாமல் போகிறவர்கள்' என்று நீளமாக எழுதினாள். எண்ணூறு பேர் ஆமாம் போட்டார்கள்.

அந்த வாரக் கடைசியிலிருந்து சோஃபா மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல பாப்பா, மொத தடவை போட்டப்பவே நான் பார்த்திருக்கேன், அவன் சொல்லிட்டுத்தான் போனான். கடை வாசல்ல நின்னு பேசுவான். மழைக்கோட்டு போட்டிருப்பான்."

முப்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். அவள், "எந்த எபிசோட்ல மாமா?" என்பாள். அவரால் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை, இருபத்து மூன்றாவது எபிசோடில், காட்டேரி திரும்பி வந்தான். சண்டை உச்சத்துக்குப் போனது.

"வெக்கமில்லாம வந்து நிக்கறான் பாரும்மா. அவளும் கதவைத் திறக்கறா. இதை எழுதினவங்களா அந்த ஷட்டர் சீனை எழுதினாங்க? நம்பவே முடியல. அப்புறம் இன்னொண்ணு. இத்தனை நாளா மாடியில ஆளே இல்லை, லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு எபிசோட்லயும் எரியுது. இதை யாருமே கவனிக்கலையா?"

"லைட்டை அணைக்க மறந்துட்டுப் போயிட்டான் போல" என்றார் அம்மா. "உங்கப்பாவும் அப்படித்தான். ஆனா அவர் காட்டேரி இல்லை."

"அவன் சொல்லிட்டுப் போனான் சிஸ்டர்" என்றார் சோஃபா மாமா மறுபடியும். "அதனாலதான் அவ கதவைத் திறக்கறா."

"அண்ணே, அந்த சீனை நீங்க கனவுல பார்த்திருப்பீங்க. நான் அப்ப நைட் டியூட்டி, பாதிதான் பார்த்தேன். ஆனா இப்ப நாம எல்லாருந்தானே உக்காந்து பார்த்தோம். எங்க இருக்கு?"

"அவருக்குக் காட்டேரி மேல பாசம்" என்றாள் அவள். "இல்லாத சீனை அவரே எழுதி, அவரே டைரக்ட் பண்ணிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சோஃபா மாமாவும் சிரித்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கும். இப்பல்லாம் கொஞ்சம் அப்படித்தான் ஆகுது. போன வாரம் ஒரு நாற்காலிக்கு வேற வீட்டுத் துணியைத் தெச்சுட்டேன். வீட்டுல அவளும் சொல்லிக்கிட்டே இருக்கா. சிஸ்டர், மறதிக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்களா? ஒருதடவை காட்டிடலாமா?"

அம்மா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

அவன் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தான். "டாக்டர் வேணாம் மாமா. அந்த சீன் இருந்துது. மழைக்கோட்டும் இருந்துது. நான்தான் எடுத்துட்டேன்."

"எங்கிருந்து எடுத்தீங்க?" என்றாள் அவள்.

அவன் சொன்னான். சேனல், ஆறு நிமிடம், விளம்பரம், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவள் மெழுகுத் தாடையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"அந்த ஷட்டர்?"

"அதுவும் நான்தான்."

"எழுதினவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு நான் இங்க உக்காந்து சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டுப் பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"எண்ணூறு பேருக்கு எழுதினேன். மாமா பாவம், டாக்டர்கிட்ட போகப் பார்த்தாரு. ஒரு மாசமா தினம் வந்து உக்கார்றீங்க. ஒரு நாள் சொல்லத் தோணலையா?"

"தினமும் தோணிச்சு."

அவள் மேசைப் பக்கம் திரும்பி மோட்டாரைப் போட்டாள். மணி மூன்று இருபத்தைந்து. தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மோட்டார் சத்தம் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். சோஃபா மாமா வாசல்வரை கூட வந்து அவன் தோளைத் தட்டினார். "என் மூளை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம் தம்பி. உங்க நிலைமைதான் கொஞ்சம் மோசம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் செய்த முதல் வேலை, தான் எடுத்தெறிந்த அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியைத் தேடி, ஒலியோடு பார்த்தது. இரண்டு முறை பார்த்தான். பிறகு நிகழ்ச்சி மேலாளரின் அறைக் கதவைத் தட்டினான்.

"பழைய காட்சி ஒண்ணை வெள்ளிக்கிழமை எபிசோடுக்கு முன்னால 'இதுவரை நடந்தது'ன்னு சேர்க்கலாமா சார்?"

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுல பேய் டான்ஸ் ஆடினாலும் எனக்குக் கவலை இல்லை. மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம். ஒரு செகண்ட் கூடக் கூடாது."

அன்று மூன்று மணிக்கு லேப் வாசலில் வந்து நின்றான். நாற்காலியில் உட்காரவில்லை.

"அந்த சீனை வெள்ளிக்கிழமை காட்டப் போறேன். ஆனா கடைசி எபிசோட்ல இருந்து இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட் எடுத்தாகணும். ஒரு மாசமா நானே முடிவு பண்ணிக்கிட்டிருந்தேன். இதை நீங்க முடிவு பண்ணுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்கணும்."

அவள் மோட்டாரை நிறுத்தினாள். அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"நான் இந்த சீரியலை இப்பத்தான் மொத தடவை பார்க்கறேன், கடைசி எபிசோட் தெரியாது" என்றாள் அவள், அவனிடம் இல்லை, தாடையிடம். "கதையைச் சொன்னா நான் காதைப் பொத்திக்குவேன்."

"ஆள் பேர் சொல்லாம சொல்றேன். மொதல்ல, ஒருத்தர் படி ஏறுறாரு. நாப்பது செகண்ட். ஏறுறது மட்டும்தான்."

"வெட்டிடலாம்" என்றார் அம்மா. "படி ஏறுறதை நான் தினமும் பார்க்கறேன்."

"ஐயோ, அதை வெட்டக் கூடாதும்மா. அந்த வீட்டுல பதினேழாவது படி கத்தும். மத்தவங்க மிதிச்சாத்தான் கத்தும், அவன் மிதிச்சாக் கத்தாது. வர்றது யாருன்னு அவளுக்கு அதை வச்சுத்தான் தெரியும். படியை எடுத்துட்டா—" சட்டென்று நிறுத்தினாள். "அப்ப கடைசியில படி ஏறி வர்றது அவனா?"

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றான் அவன்.

"காதைப் பொத்திக்குவேன்னு சொல்லிட்டு அவளே கண்டுபிடிச்சுட்டா" என்று சோஃபா மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, அடுத்தது. மருந்துக்கடைக்காரியோட தாய்மாமா காட்டேரிக்குப் பொண்ணு பார்க்கறேன்னு பேசறது. முப்பத்தஞ்சு செகண்ட்."

"அதைத் தொட்டா நான் இங்க வர்றதையே நிறுத்திடுவேன்" என்றார் சோஃபா மாமா. "அந்தாளுதான் அந்தக் குடும்பத்துலயே ஒரே மனுசன்."

"காட்டேரி தனியா ஜன்னல்ல நிக்கறது?"

"அவன் நின்னாத்தான் அவனுக்குப் பல்லு சரியா உக்காருது, பேசாம இருக்கறதால. அது இருக்கட்டும்" என்றாள் அவள்.

இப்படியே நாற்பது நிமிடம். அன்றைய எபிசோட் தொலைக்காட்சியில் யாரும் பார்க்காமல் ஓடி முடிந்தது. எதைச் சொன்னாலும் யாருக்காவது அது உயிராக இருந்தது. அவள் ஒரு காகிதத்தில் விநாடிகளைக் கூட்டி, அடித்து, மறுபடி கூட்டினாள். கடைசியில் பென்சிலை வைத்துவிட்டு, ஒரு நாளாகப் பார்க்காத அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தினமும் இப்படி ஆறு நிமிஷமா?"

"தினமும். ஆனா இவ்வளவு யோசிச்சதில்லை."

"ஆஸ்பத்திரி சீன் ஒண்ணு வருமே" என்றார் அம்மா திடீரென்று. "அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒரு நர்ஸ் ட்ரிப் ஏத்துவா. அவ ஊசி புடிக்கற லட்சணத்தைப் பார்த்துட்டு அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. அதைத் தூக்குங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நாப்பது செகண்ட்."

"இன்னும் எழுபது" என்றாள் அவள். சற்று யோசித்தாள். "தலைப்புப் பாட்டு. வௌவால் பறக்குமே, அது. இருபத்து நாலு நாளாப் பறந்துடுச்சு. கடைசி நாள் ஒரு வரி போதும்."

"சரியா எழுபது."

கணக்குச் சரியாக வந்ததில் அவளுக்கு வந்த சிரிப்பைப் பாதியில் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. அம்மா அந்த நேரம் பார்த்து, "ஆமா, ஷட்டர் சீனுக்கு யார் கையையோ கண்ணுல ஒத்திக்கணும்னியே, இந்தத் தம்பி கைதானே அது?" என்றார். சோஃபா மாமாவுக்குத் தேநீர் புரையேறியது.

"அம்மா, உள்ள போய் அடுப்பைப் பாரு."

"அடுப்புல ஒண்ணுமே இல்லையே."

"இல்லாததைப் போய்ப் பாரு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நால்வரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வௌவால் ஒரு வரிக்கு மட்டும் பறந்தது. அதற்கும் முன்னால், அந்தி இருட்டில், மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கி நின்றது. வெளியே மழைக்கோட்டில் காட்டேரி.

சோஃபா மாமா தன் தொடையில் மெல்ல ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"நான் போயாகணும்" என்றான் காட்டேரி. "ஏன்னு கேக்காதே. மாடியில விளக்கு எரியுது. போகும்போது அணைச்சுடு. எரிஞ்சா நான் திரும்பி வந்துடுவேன்."

மருந்துக்கடைக்காரி ஷட்டரில் கை வைத்தாள். "எரியட்டும்" என்றாள். ஷட்டர் இறங்கியது.

லேப்பில் அலமாரித் தாடைகள் உட்பட எல்லோரும் வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த லைட்டு" என்றாள் அவள். "ஆளில்லாத வீட்டுல ஏன் எரியுதுன்னு நான் எத்தனை நாள் திட்டினேன். அவ தினமும் போய்ப் போட்டுட்டு வந்திருக்கா."

கடைசியில் படி ஏறும் சத்தம் வந்தது. பதினேழாவது படி கத்தவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நான்கு மணிக்குத் தொடர் முடிந்ததும் சோஃபா மாமா எழுந்து, "கடையில ஒரு சோஃபா வயித்தைத் திறந்து போட்டபடி கிடக்கு" என்று கிளம்பினார். யாரும் சொல்லாமலே அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

அவன் மட்டும் வாசலோர நாற்காலியில் இருந்தான். சீசன் முடிந்துவிட்டது. கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"மாமா சொன்னது சரின்னு குழுவுல எழுதிட்டேன்" என்றாள் அவள், ஒரு பல்லை விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தபடி. "ஆனா ஒண்ணு. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல, கடை சாத்துற நேரம்தானா கிடைச்சுது அவனுக்கு? அதுவும் ரெண்டு நிமிஷம்கூட முழுசா இல்லை."

"அப்ப இன்னும் மன்னிக்கலையா?"

"யாரை? அவனையா, உங்களையா?"

"ரெண்டு பேரையும்தான் கேக்கறேன்."

"அவன் விஷயத்தை யோசிக்கணும்." பல்லை வைத்துவிட்டு விளக்கைத் திருப்பினாள். "செவ்வாய்க்கிழமை நீங்க வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம். மாமா டாக்டர்கிட்ட போயிருப்பாரு, எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்லா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் சொன்னீங்க. லேட்டுதான். ஆனா அவனை மாதிரி போறதுக்கு முன்னால இல்லை. கூட இருக்கறதுக்கு முன்னால சொன்னீங்க."

அவன் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றாள் அவள். "உங்கப்பாகிட்ட அந்தப் பல்லைச் சட்டைப்பையில இருந்து எடுத்து வாயில போட்டுக்கச் சொல்லுங்க. அன்னிக்கு நிறைய சிரிச்சுப் பேச வேண்டியிருக்கும்."

உள்ளே, ஒன்றுமே இல்லாத அடுப்பருகில், அம்மாவின் கையிலிருந்து ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.